ஹேவ்லாக்கில் மூன்று இரவு: ஓதம் பார்த்துத் தங்குங்கள்

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் கிழக்குக் கரை விடுதிகள் இணையத்தில் போடும் படங்களில் பெரும்பாலானவை ஓதம், அதாவது நாள்தோறும் ஏறி இறங்கும் கடல்மட்டம், முழுக்க ஏறி நிற்கும்போது எடுத்தவை. குடிலுக்கு எதிரே இருக்கும் மரத்தடி வரை தண்ணீர் வந்து பச்சையும் நீலமுமாகத் தளும்பும். அதே இடத்தில் ஆறு மணி நேரம் கழித்துப் போய் நின்றால் கடலைக் காணோம். வெகுதூரத்துக்கு ஈர மணலும், செத்த பவளக் கல்லும், குட்டை குட்டையாகத் தேங்கிய நீரும்தான் தெரியும். மூன்று நாள் விடுமுறையில் வந்தவர் முதலில் பார்ப்பது இந்தக் காட்சியாக இருந்தால் மனம் விட்டுப் போகும். விடுதிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றுகூடத் தோன்றும். அவர் ஏமாற்றவில்லை. கடல் இறங்கியிருக்கிறது, திரும்பி வரும். எப்போது வரும் என்பதைத் தெரிந்துகொண்டு கிளம்பியிருந்தால் அந்த மூன்று நாளும் வேறு மாதிரி போயிருக்கும்.

ஹேவ்லாக்குக்கு 2018 டிசம்பர் 30 முதல் ஸ்வராஜ் தீப் என்று அரசுப் பெயர். போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட்டிலும் பலகையிலும் புதுப்பெயர் இருக்கும், ஆட்கள் வாயில் பழைய பெயர்தான். தீவுக்குள் ஊர்களை எண்ணால் சொல்வது வழக்கம். ஜெட்டி இருக்குமிடம் 1, கடைத்தெரு உள்ள கோவிந்த் நகர் 3, விஜய் நகர் 5, ராதாநகர் 7. கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேறிய குடும்பங்களின் வழிவந்தவர்கள்தான் இங்கே அதிகம் என்பதால் வீட்டுப் பேச்சு வங்காளம், கடைப் பேச்சு இந்தி. ஸ்ரீ விஜயபுரத்துக் கடைவீதியில் தமிழ் தாராளமாகச் செல்லும். ஹேவ்லாக்கில் அதை நம்பிப் போக வேண்டாம்.

அறை எடுப்பதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது எந்தப் பக்கத்துக் கரை என்பதைத்தான். விடுதிகளில் மிகப் பெரும்பாலானவை கிழக்குக் கரையில், 3-க்கும் 5-க்கும் இடையிலும் அதைத் தாண்டியும் வரிசையாக இருக்கின்றன. இங்கே கடலடி பவளப் பாறைத் தட்டு. ஆழம் குறைவு, அலை சிறிது. ஓதம் ஏறினால் குளம் மாதிரி நிற்கும், இறங்கினால் தட்டு முழுவதும் வெளியே வந்துவிடும். மேற்குக் கரையில் இருப்பது ராதாநகர், ஜெட்டியிலிருந்து 10 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அங்கே கடலடி முழுக்க மணல், ஆகவே எந்த ஓதத்திலும் இறங்கிக் குளிக்கலாம். 2004-இல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது ராதாநகரைத்தான். சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றும் 2020-இல் கிடைத்தது. அந்தப் பக்கம் தங்குமிடங்கள் மிகக் குறைவு, வாடகையும் மிக அதிகம். என் கருத்தில், நடுத்தரச் செலவில் வருபவர் கிழக்கில் தங்கி, ராதாநகருக்குத் தினமும் ஒரு வேளை போய்வருவதே சரி.

இந்தத் திசைக் கணக்கு பருவத்தோடு சேர்ந்து மாறும். மே நடுவிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. அப்போது மேற்கு நோக்கிய ராதாநகரில் அலை உயர்ந்து, இழுப்பும் இருக்கும். உயிர்காப்பாளர் செங்கொடி போட்டுவிட்டால் கடலில் இறங்கக்கூடாது. அதே நாளில் கிழக்குக் கரை ஓரளவு அமைதியாகவே இருக்கும். அக்டோபர், நவம்பர், டிசம்பரில் வடகிழக்குக் காற்று வீசும்போது கிழக்குக் கரை கலங்கும், ராதாநகர் அடங்கும். ஜனவரி பின்பாதி முதல் ஏப்ரல் வரை இரண்டு பக்கமும் நன்றாக இருக்கும். ஓய்வுக்காக மட்டும் வருபவர்களுக்கு பிப்ரவரி, மார்ச்சைத்தான் சொல்வேன்.

இனி ஓதம். கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை இறங்குகிறது. ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் இழுப்பதால் ஏற்ற இறக்கம் பெரிது. அந்தமான் பக்கத்தில் அப்போது உச்சிக்கும் அடிக்கும் ஏறக்குறைய 2 மீட்டர் வித்தியாசம் இருக்கும். அரைநிலா நாட்களில் அது 1 மீட்டருக்கும் கீழே வந்துவிடும். கிட்டத்தட்ட சமதளமான பவளத் தட்டில் 2 மீட்டர் என்பது பெரிய வித்தியாசம். கடல் அவ்வளவு தூரம் பின்வாங்குவது அதனால்தான்.

நேரத்துக்கு ஒரு பொதுக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் இந்தப் பகுதியில் உச்ச ஏற்றம் காலை 10 மணி வாக்கில் வரும், மாலை 4 மணி வாக்கில் கடல் நன்றாக இறங்கியிருக்கும். அரைநிலா நாட்களில் இது தலைகீழ்: காலை 10-க்கு இறக்கம், மாலை 4-க்கு ஏற்றம். இது தோராயம். கிளம்பும் முன் போர்ட் பிளேருக்கான ஓத அட்டவணையை இணையத்தில் பார்த்து, தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு ஏற்ற நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உச்சத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும்தான் கிழக்குக் கரையில் நீந்தத் தோதான நேரம்.

நாளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் அமாவாசையை ஒட்டிய மூன்று இரவுகளை எடுங்கள். காலை 8-லிருந்து 12 வரை விடுதி வாசலிலேயே குளியல். கடல் இறங்கும் பிற்பகலில் ராதாநகருக்குப் போனால், அங்கே அகலமாக விரிந்த கெட்டி மணலில் நடந்து அந்தி பார்க்கலாம். இரவில் நிலவொளி இல்லாததால், நீரைக் கலக்கினால் மின்னும் நுண்ணுயிர்கள் கண்ணுக்குத் தெரியும். கயாக் என்னும் சிறு துடுப்புப் படகு ஓட்டிக் காட்டுபவர்கள் இருளான இரவுகளைத்தான் விரும்புவார்கள். ஒன்று மட்டும் கவனம்: அமாவாசையின் உச்ச ஏற்றத்தில் சில விடுதிகளின் முன்னால் மணலே மிஞ்சாது. அலை மரவேர்களைத் தொடும். விரித்து வைத்த துண்டையும் செருப்பையும் முதலிலேயே மேட்டில் எடுத்து வையுங்கள்.

இறங்கிய கடலையும் வீணாக விட வேண்டாம். கணுக்கால் நீரில் நடந்தால் கடல் அட்டை, நண்டு, நட்சத்திர மீன், பாறை இடுக்கில் கடல் முள்ளெலி எல்லாம் பார்க்கலாம். அடிப்பாகம் கெட்டியான செருப்பு அவசியம், வெறும் ரப்பர் சிலிப்பர் கழன்று போகும். உயிருள்ள பவளத்தில் கால் வைக்காமல் மணல் திட்டுகளிலேயே மிதித்துப் போங்கள். கூம்பு வடிவச் சிப்பிகளைக் கையில் எடுக்கவே கூடாது. சில வகைகளின் கொட்டு ஆளைக் கொல்லும் அளவு நஞ்சுடையது.

ஓதத்துக்கு அடுத்து வெயில் நேரம். நம் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு வைத்தது. ஹேவ்லாக் 93 பாகையில் இருக்கிறது. சென்னையோடு ஒப்பிட்டால் சூரியன் இங்கே சுமார் 50 நிமிடம் முன்னதாக வந்து முன்னதாகப் போகும். டிசம்பர் நடுவில் அந்தி மாலை 5 மணிக்கே. ஏப்ரலில் விடிவது 5 மணி வாக்கில், அடைவது ஐந்தரை வாக்கில். சென்னைப் பழக்கத்தில் ஒன்பது மணிக்கு எழுந்து, பத்தரைக்குச் சாப்பிட்டு, பதினொன்றுக்குக் கடலில் இறங்கினால் அது உச்சி வெயில். நாளின் நல்ல பாதி அதற்குள் போய்விட்டிருக்கும். நாலே முக்காலுக்கு எழுந்து ஒன்பது மணிக்குத் தூங்கும் வீடாக மூன்று நாள் மாறிவிடுவதுதான் இந்தத் தீவில் ஓய்வெடுக்கும் முறை. ராதாநகர் அந்திக்கு நாலு மணிக்கே அங்கே இருக்க வேண்டும். திரும்பும் சாலை காடும் மேடுமாக, விளக்கு குறைவாக இருக்கும். ஸ்கூட்டர் ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லி, வாடகையைப் போகும்போதே பேசிக்கொள்வது நல்லது.

போய்ச் சேரும் வழியில் நாள் வீணாவது எங்கே என்று பார்ப்போம். சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கு விமானம் சுமார் இரண்டேகால் மணி நேரம். அங்கிருந்து ஹேவ்லாக் 40 கிலோமீட்டர் கடல் தூரம். தனியார் வேகக் கப்பலில் ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணிக்கு மேல் வரை, அரசுக் கப்பலில் சுமார் இரண்டரை மணி நேரம் ஆகும். தனியார் கப்பல்கள் பொதுவாக ஹாடோ துறையிலிருந்தும் அரசுக் கப்பல்கள் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்தும் புறப்படும். இரண்டும் வேறு வேறு இடம், டிக்கெட்டைப் பார்த்து ஆட்டோக்காரரிடம் சொல்லுங்கள். விமானம் இறங்கும் நேரத்துக்கும் கப்பல் கிளம்பும் நேரத்துக்கும் குறைந்தது மூன்று மணி நேரம் இடைவெளி வையுங்கள். கப்பலுக்கு ஒரு மணி நேரம் முன்னால் இருக்க வேண்டும். புகைப்பட அடையாள அட்டை இல்லாமல் ஏற்றமாட்டார்கள், குழந்தைகளுக்கும் ஆதார் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேகக் கப்பல்களில் பெரும்பாலும் மூடிய ஏசி அறைதான். காற்று உள்ள நாளில் வாந்தி வருவது இயல்பு. மாத்திரை சாப்பிடுபவர்கள் கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே சாப்பிட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் அது வேலை செய்ய நேரமில்லை. இருக்கை கீழ்த்தளத்தில், பின்பக்கம், நடுவில் கிடைத்தால் ஆட்டம் குறைவு. மூக்குப் பகுதிதான் அதிகம் தூக்கிப் போடும். கைபேசியைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பார்ப்பதும், வெறும் வயிற்றில் ஏறாமல் இரண்டு இட்லியோடு ஏறுவதும் பலன் தரும்.

திரும்பும்போது ஒரே நாளில் கப்பலையும் விமானத்தையும் கோக்க வேண்டாம். காற்று கூடினால் கப்பல் நின்றுவிடும். 2016 டிசம்பரில் புயல் சின்னத்தால் கப்பல்கள் நின்று, ஹேவ்லாக்கிலும் பக்கத்து நீல் தீவிலும் நூற்றுக்கணக்கானோர் சிக்கிக்கொண்டு, கடற்படைக் கப்பல்கள் போய் அழைத்துவர வேண்டியிருந்தது. கடைசி இரவை ஸ்ரீ விஜயபுரத்தில் வையுங்கள். ஆக மொத்தம் நாலு இரவு, அதில் ஹேவ்லாக்கில் மூன்று. நாலு இரவுக்குள் நீல் தீவையும் சேர்த்துக் காட்டுகிறோம் என்று சொல்லும் பயணத் திட்டங்களை ஓய்வுக்கு வருபவர் ஏற்க வேண்டாம். ஒவ்வொரு தீவு மாற்றமும் பெட்டி கட்டுவது, ஜெட்டி, வரிசை, அறைக்காகக் காத்திருப்பது என்று அரை நாளைத் தின்றுவிடும்.

அறையை உறுதி செய்யும் முன் தொலைபேசியில் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். கடல் தெரியும் அறையா, கடலுக்கு நேராக இறங்கும் அறையா? இரண்டும் வேறு. மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, விளக்கும் மின்விசிறியும் மட்டுமா? தீவின் மின்சாரம் டீசலை நம்பி இருப்பது, தடை வரும். ஜெட்டியிலிருந்து அழைத்துப் போக வண்டி உண்டா? இரவு உணவுக்குக் கடைசி ஆர்டர் எத்தனை மணி? அறையைக் காலி செய்யும் நேரம் என்ன? இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். கப்பல் நேரத்தை ஒட்டி, ஹேவ்லாக்கின் பல விடுதிகளில் காலை ஏழரை, எட்டு மணிக்கே அறையை விடச் சொல்வார்கள். மற்ற ஊர்களைப் போல 11 மணி வரை இருக்கலாம் என்று நினைத்துத் தூங்கினால் காலையில் கதவைத் தட்டுவார்கள்.

ஓலைக் குடிலா, கான்கிரீட் ஏசி அறையா என்றால், ஜனவரி, பிப்ரவரியில் கொசுவலையும் மின்விசிறியும் உள்ள மூங்கில் குடில் அருமை. கடல் சத்தம் உள்ளே வரும், இரவில் காற்று போதும். ஏப்ரல், மே புழுக்கத்தில் ஏசி இல்லாமல் தூக்கம் வராது. ஈர உடைகளை அறைக்குள் காயப்போட்டால் காயாது, அறை நாறும். திண்ணைக் கொடியில் போட்டு, மாலை ஈரக்காற்று வருமுன் எடுத்துவிடுங்கள். நன்னீர் இங்கே கிடைப்பதற்கு அரிய பொருள். குளியலில் உப்புச் சுவை தட்டினால் அது விடுதியின் அலட்சியம் இல்லை, தீவின் நிலத்தடி அப்படி. தென்னைக்கடியில் கட்டிய ஊஞ்சலில் படுப்பதற்கு முன் மேலே பாருங்கள். காய் பறிக்காத மரமாக இருந்தால் ஊஞ்சல் வேறு மரத்துக்கு மாறட்டும்.

இந்தத் தீவில் ஓய்வைக் கெடுப்பது முதலைக்கும் மழைக்கும் முன்னால் மணல் ஈதான். கொசுவைவிடச் சிறியது. கடிக்கும்போது தெரியாது. சில மணி நேரம் கழித்துச் சிவந்த புள்ளிகளாகத் தடித்து, வாரக்கணக்கில் அரிக்கும். விடியலிலும் அந்தியிலும், ஈர மணலிலும், காற்றில்லாத நேரத்திலும் அதிகம். அது பலவீனமாக, தரையை ஒட்டிப் பறப்பது. ஆகவே மணலில் துண்டு விரித்துப் படுப்பதை விட உயரமான நாற்காலியில் சாய்வதே மேல். காலிலும் முழங்கை வரையிலும் தேங்காய் எண்ணெயைத் தடிப்பாகப் பூசினால் அது ஒட்டிக்கொண்டு கடிக்க முடியாமல் போகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். கடித்துவிட்டால் சொறியக்கூடாது. சொறிந்தால் புண்ணாகி, அடுத்த நாள் உப்பு நீரில் எரியும். கலமைன் லோஷனும் மருத்துவர் சொல்லும் அரிப்பு மாத்திரையும் ஊரிலிருந்தே எடுத்து வாருங்கள்.

முதலை பற்றிச் சொல்லாமல் விடுவது தவறு. அந்தமான் கடலோரத்தில் உவர்நீர் முதலைகள் இருக்கின்றன. 2010-இல் ராதாநகரை ஒட்டிய நீல்ஸ் கோவ் பகுதியில் ஒரு வெளிநாட்டுப் பயணி முதலையால் உயிரிழந்தார். ஓடை கடலில் சேரும் இடம், அலையாத்திக் காட்டு ஓரம், எச்சரிக்கைப் பலகை உள்ள இடம் ஆகியவற்றில் தண்ணீருக்கு எவ்வளவு அழகு இருந்தாலும் இறங்கக்கூடாது. உயிர்காப்பாளர் இருக்கும் பகுதிக்குள், பகலில், நாலு பேரோடு குளியுங்கள்.

நீருக்கடியில் பார்க்க எலிஃபன்ட் பீச் போகலாம். ஜெட்டியிலிருந்து படகில் சுமார் 20 நிமிடம். முதல் படகில் போங்கள், பத்து மணிக்கு மேல் கூட்டமும் அலையும் கூடும். ஸ்நார்கலிங் என்பது முகமூடியும் மூச்சுக்குழாயும் போட்டு நீர்மட்டத்தில் மிதந்தபடி கீழே பார்ப்பது. முகமூடி பொருந்துகிறதா என்று பார்க்க, பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் உறிஞ்சுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டி நின்றால் சரி. மீசைக்காரர்களுக்கு மேலுதட்டில் நீர் கசியும், சிறிது வாசலின் தடவினால் குறையும். உள்கண்ணாடியில் எச்சில் தடவிக் கழுவினால் பனி படராது. முதுகும் கெண்டைக்காலும் வெயிலில் வெந்துபோகும் என்பதால் முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். 2010-இன் கடல் வெப்பத்தில் அந்தமான் பவளங்கள் பெருமளவு வெளிறிச் செத்தன, அதன் தடம் ஆழம் குறைந்த இடங்களில் தெரியும். மீன்கள் ஏராளம். பூந்தோட்டம் மாதிரி பவளத்தை எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

ஸ்கூபா என்பது காற்று உருளையோடு நீருக்கடியில் இறங்குவது. நீச்சல் தெரியாதவர்களும் செய்யக்கூடிய அறிமுக ஸ்கூபா 12 மீட்டருக்கு மேல் போகாது, பயிற்சியாளர் பிடித்தே கூட்டிப்போவார். காது வலிதான் பலரைப் பாதியில் மேலே வரவைக்கிறது. அழுத்த மாற்றம் முதல் சில மீட்டர்களிலேயே அதிகம். அதனால் வலி தொடங்கும் முன்பே, ஒவ்வொரு மீட்டருக்கும் மூக்கைப் பிடித்து மெல்ல ஊத வேண்டும். சளி இருந்தால் அன்று இறங்காதீர்கள். ஆஸ்துமா, இதயம், இரத்த அழுத்தம் பற்றிய படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஒருமுறை முங்கினால் விமானத்துக்கு முன் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை முங்கினால் 18 மணி நேரமும் இடைவெளி வேண்டும். கடைசி இரவை ஸ்ரீ விஜயபுரத்தில் வைக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

சாப்பாட்டில் நீண்ட பேச்சு தேவையில்லை. 3-ஆம் எண் கடைத்தெருவில் சோறும் பருப்பும் மீன் குழம்பும் நன்றாகவும் மலிவாகவும் கிடைக்கும், வங்காளக் கையால் கடுகு வாசம் தூக்கலாக இருக்கும். விடுதியில் மீன் வறுவல் வேண்டுமென்றால் பட்டியலைப் பார்க்காமல், இன்று என்ன மீன் வந்தது என்று காலையிலேயே கேட்டு, இரவுக்குச் சொல்லிவிடுங்கள். காய்கறி கப்பலில் வருவது, கடல் கலங்கிய வாரத்தில் பட்டியலில் பாதி இருக்காது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து வந்த கடலடிக் கேபிளுக்குப் பிறகு இணைய இணைப்பு மிகவும் மேம்பட்டிருக்கிறது. ஆனாலும் மின்சாரத்தோடு சேர்ந்து அது படுக்கும் நேரங்கள் உண்டு. மூன்று நாள் செலவில் பாதியையாவது ரொக்கமாக வைத்திருங்கள், ஏடிஎம் சிலதான்.

பெட்டி கட்டும்போது குழந்தைகளின் பைகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பவளத் துண்டு, அது செத்துக் கரையில் ஒதுங்கியதாகவே இருந்தாலும், கொண்டுபோகக்கூடாது. பவளம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் வருவது. விமான நிலையச் சோதனையில் பிடிபடும். கிளம்பும் நாளில் காலை எட்டுக்கு அறையை விட்டு, கப்பல் பிற்பகலில் என்றால், பெட்டிகளை வரவேற்பில் வைத்துவிட்டு இன்னொரு ஏற்றத்தில் குளிக்க நேரம் இருக்கிறது. உப்பைக் கழுவி உடை மாற்ற விருந்தினர் குளியலறை தருவார்களா என்பதை முந்தின இரவே கேட்டு வையுங்கள்.